ஆயிரத்து இருநூறு மீட்டர்

நாச்சியார்விளைச் செம்மணல் தேரியில் அரசாங்க மானியத்தில் போட்ட இயற்கை நடைபாதை, திறப்பு விழா நடந்த வெள்ளிக்கிழமை காலை பத்தேகால் மணிவரைக்கும் எல்லாருக்கும் ஒரே நீளமாகத்தான் இருந்தது. ஆயிரத்து இருநூறு மீட்டர். பள்ளிக்கூடத்தின் பின்சுவரில் தொடங்கி, சிவப்பு மணல் மேட்டில் ஏறி இறங்கி, உடைமரங்களுக்கும் முந்திரி மரங்களுக்கும் நடுவே வளைந்து, குடிதண்ணீர்த் தொட்டியின் நாலு கால்களுக்கு முன்னால் வந்து முடிகிற அந்தப் பாதையைச் சுயம்புக்கனி தன் கையால் நாடா பிடித்து மூன்று தடவை அளந்திருந்தாள். அவள்தான் பணித்தளப் பொறுப்பாளர். இருபத்தெட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு நாலு மாதம் முள் வெட்டி, சரளை பரப்பி, காற்று மணலை அள்ளி வந்து மூடும்போதெல்லாம் மறுபடி கூட்டித் தள்ளி, இரண்டு பக்கமும் கல் பதித்து, மூன்று பெஞ்சு போட்டு, பதினாறு மரங்களுக்குப் பெயர்ப்பலகை நட்டு, அளவுப் புத்தகத்தில் ஆயிரத்து இருநூறு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

பத்தேகாலுக்கு மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி ரிப்பனை வெட்டினார். பன்னிரண்டு பேர் ஒன்றாக உள்ளே போனார்கள். அதிகாரி நாலாவது நிமிடம் தொட்டிக்கடியில் வெளியே வந்து, "நல்லாயிருக்கும்மா, கொஞ்சம் சின்னதா போச்சு" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். பஞ்சாயத்துத் தலைவர் துரைப்பழம் முக்கால் மணி நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்து வந்து, அதிகாரி எங்கே என்று கேட்டார். எஸ்தர் டீச்சர் மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவி முடித்திருந்தார்கள். எல்லாருக்கும் கடைசியாக உள்ளே போன டீக்கடை ஈஸ்வரி, தட்டில் பன்னிரண்டு டீயோடு போனவள், டீயில் ஆவி அடங்கும் முன்னே எல்லாருக்கும் முதலாக வெளியே வந்து நின்றுகொண்டு, குடிக்க ஆளைக் காணாமல் விழித்தாள். யாரும் வழி தவறவில்லை. யாரும் எங்கும் நிற்கவில்லை. எல்லாரும் அதே பதினாறு பலகைகளைத்தான் பார்த்தோம் என்று சத்தியம் செய்தார்கள்.

மூன்று நாள் ஊர் அதையே பேசியது. வயது ஆக ஆகப் பாதை நீளும் என்றார்கள். அப்புறம் தொண்ணூறு வயது மாடசாமி ஒரே மூச்சில் வந்து நின்றார். பொய் சொல்கிறவர்களுக்குத்தான் நீளும் என்றார்கள். எஸ்தர் டீச்சர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. மனசில் துக்கம் உள்ளவர்களுக்கு நீளும் என்றார்கள். போன மாதம் புருஷனைப் பறிகொடுத்தவள் ஏழு நிமிடத்தில் வந்து, அதற்காகவே உட்கார்ந்து அழுதாள். நாலாவது நாள் காரணம் தேடுவதை விட்டுவிட்டார்கள், ஏனென்றால் அதற்குள் ஊர் அந்தப் பாதையைப் புழங்கத் தொடங்கியிருந்தது. அவசரமாகத் தொட்டிப் பக்கம் போக வேண்டியவர்கள் குறுக்கு வழியாக அதில் போனார்கள், யாருக்குப் பாதை குறுகியதோ அவர்கள் கையில் மற்றவர்கள் குடத்தைக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் சண்டை போட்டவர்கள், மூன்று மணி நேரப் பாதைக்காரர்களாக இருந்தால், உள்ளே போய்க் கோபம் ஆறி வந்தார்கள். பிள்ளைகளுக்கெல்லாம் பாதை, பள்ளிக்கூட இடைவேளை எவ்வளவோ சரியாக அவ்வளவுதான் இருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள், படிப்பு என்ன என்று கேட்ட கையோடு, "பிள்ளைக்குப் பாதை எம்புட்டு?" என்றும் கேட்டார்கள்.

சுயம்புக்கனி மட்டும் திறப்பு விழாவுக்குப் பிறகு உள்ளே போகவில்லை. அவளுக்கு அது பிடிக்கவில்லை. அளந்த பொருள் அளந்தபடி இருக்க வேண்டும் என்பது அவளுடைய கட்சி. கேட்பவர்களிடமெல்லாம் அளவுப் புத்தகத்தைத் திறந்து காட்டி, "ஆயிரத்து இருநூறுதான். நீங்க நடக்கது சரியில்ல" என்றாள்.

அவள் புருஷன் ஆதிலிங்கம் போர்டு எழுதுகிறவர். பாதையிலுள்ள பதினாறு பலகைகளும் அவர் கையெழுத்துத்தான். அதிகம் பேசாதவர், பேசினாலும் "அது வந்து..." என்று தொடங்கி ஒரு இழுப்பு இழுப்பார், அந்த இழுப்புக்குள் சுயம்புக்கனி மிச்சத்தைத் தானே சொல்லி முடித்து, பதிலும் சொல்லி, அடுத்த வேலைக்குப் போயிருப்பாள். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷமாக அந்த வீட்டில் பேச்சு அப்படித்தான் நடந்தது, அதில் ஒரு குறையும் இருப்பதாக இரண்டு பேருக்கும் தோன்றியதில்லை.

இரண்டாவது வாரம், ஒன்பதாவது பலகையில் விடத்தலை என்பதற்கு விடத்தளை என்று எழுதியிருப்பதாக எஸ்தர் டீச்சர் சொல்லியனுப்பினார். செவ்வாய்க்கிழமை காலை, ஆதிலிங்கம் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துப் பின்சுவர் வழியாக உள்ளே போனார்.

மத்தியானம் வரவில்லை. சாயங்காலம் ஈஸ்வரி வந்து சொன்னாள்: "அண்ணனை ஒன்பதாவது பலகை பக்கத்துல பாத்தேன் மைனி. எழுதிக்கிட்டிருக்காவ."

மறுநாள் துரைப்பழம் சொன்னார்: "பத்தாவது பலகை தாண்டிட்டாரு. பாதி கூட வரலைன்னு சொல்லுதாரு."

அதற்கு மறுநாளும் அதே சேதி. ஊரில் யாரும் பதறவில்லை. எஸ்தர் டீச்சருக்கு நாலு மணி நேரம் என்றால் ஆதிலிங்கத்துக்கு நாலு நாள், அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தார்கள். உள்ளே போகிறவர்கள் போகிற போக்கில் இட்லியோ சோறோ வாங்கிக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தார்கள். பாதையை விட்டு இறங்கிக் குறுக்கே வரச் சொல்லியும் பார்த்தார்கள். இறங்கினார், மணல் அவரைச் சுற்றிக் கொண்டுபோய் மறுபடியும் பாதையிலேயே விட்டது. வந்த வழியே திரும்பி நடக்கச் சொன்னார்கள். அந்தப் பக்கமும் அதே நீளந்தான் இருந்தது.

நாலாவது நாள் சுயம்புக்கனி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கல் பதித்தது எல்லாம் அவள் பதித்தபடி இருந்தது. ஆறாவது நிமிடம், பத்தாவது பலகைக்குப் பக்கத்தில், தாடி வளர்ந்து, சட்டையெல்லாம் செம்மண் ஏறி, ஆதிலிங்கம் எதிரே பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் சிரித்தார்.

"என்ன இது? என்ன செய்யுதிய இங்க?"

"நடந்துக்கிட்டுத்தான இருக்கேன், கனி."

"பத்துக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல நாப்பது தப்படி. நானே அளந்து பலகை நட்டேன்."

"அது வந்து... நிறைய மரம் இருக்கு," என்றார். "பேர் தெரியாத மரமா இருக்கு."

அவள் அவருடைய மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வாருங்கள் பார்ப்போம் என்று இழுத்துக்கொண்டு நடந்தாள். பதினொன்று வந்தது, பன்னிரண்டு வந்தது, வீட்டில் ஓடு மாற்ற வேண்டியதைப் பற்றி அவள் பேசிக்கொண்டே வந்தாள், பதினாறு வந்தது. தொட்டிக்கடியில் அவள் திரும்பிப் பார்த்தபோது விரல்கள் ஒன்றையும் பிடிக்காமல் மூடியிருந்தன. கையில் டர்பன்டைன் வாசனை மட்டும் இருந்தது. கைக்கடிகாரத்தில் பதினொரு நிமிடம் ஆகியிருந்தது.

அதுதான் அவளுடைய பாதை. மெதுவாக நடந்து பார்த்தாள், பதினொரு நிமிடம். ஒரு இடத்திலேயே நின்று பார்த்தாள்; பதினொரு நிமிடம். இரண்டாவது பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இனி எழுந்திருக்கப்போவதில்லை என்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பதினோராவது நிமிடம் அவள் மட்டும் தொட்டிக்கடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள், டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து அவளுக்கு இடம் விட்டார்கள்.

ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் போனால் அவர் தட்டுப்படுவதில்லை. ஆகவே தினமும் காலையில் ஒரு தடவை போனாள். அவரைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போக மிச்சம் ஆறு நிமிடம் இருக்கும். அந்த ஆறு நிமிடத்துக்குள் சொல்ல வேண்டியதையெல்லாம் முந்தின நாளே மனசில் அடுக்கி வைத்துக்கொண்டு போவாள், மழைக்கு முன்னே துணி எடுப்பதுபோல மளமளவென்று சொல்லிவிடுவாள், அவர் "அது வந்து..." என்று தொடங்குவார், தொட்டி வந்துவிடும். அவர் சொல்ல வந்தது என்னவாக இருக்கும் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருப்பாள். முன்பெல்லாம் அது அவளுக்குத் தெரியும். இப்போது சுத்தமாகத் தெரியவில்லை, முன்பு தெரிந்ததும் சரிதானா என்று சந்தேகம் வந்தது.

ஊரிலும் பேச்சு வந்தது. "வீட்டுக்கு வர மனசிருந்தா ஆறு நாள்ல வந்திருக்க மாட்டாரா?" என்று யாரோ சொன்னதை ஈஸ்வரி வந்து காதில் போட்டாள். மறுநாள் சுயம்புக்கனி தூக்குவாளியைக் கொடுக்கும் முன்னே கேட்டாள்.

"உண்மையச் சொல்லுங்க. வர மனசில்லையா?"

ஆதிலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "செருப்பு தேஞ்சு போச்சு, பாத்தியா," என்று காலைத் தூக்கிக் காட்டினார். அப்புறம், "அது வந்து..." என்றார். தொட்டி வந்துவிட்டது. அன்றைக்குத்தான் அவள் முதல் தடவையாக வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எதற்காக அழுகிறோம் என்பதும் அவளுக்குத் தெளிவாக இல்லை. அவர் வராததற்கா, தன் பாதை இத்தனை குட்டையாக இருப்பதற்கா?

ஆவணி பிறந்ததும் ஒன்றியத்திலிருந்து பொறியாளர் இளம்பரிதி வந்தார். சின்ன வயது, மரியாதையான பையன், நாமக்கல் பக்கம். அளந்து பார்த்துச் சான்றிதழ் கொடுக்க வந்தவர் நாடாவைப் பிடித்துக்கொண்டு போய் முந்நூற்றுப் பத்து மீட்டர் என்று வந்தார். அவருடைய உதவியாளர் அதே நாடாவில் நாலாயிரத்துச் சொச்சம் என்று வந்தார். இளம்பரிதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ரொம்ப நேரம் பார்த்தார்.

"அம்மா, திட்டத்துல ஆயிரத்து இருநூறுன்னு இருக்கு. மேல எனக்கு ஒரே நம்பர் வேணும். இல்லேன்னா இதை மூடி வேலி போட்டுட்டு, வேற இடத்துல சிமெண்ட்ல போடச் சொல்லிருவாங்க. வர்ற வியாழன் வரைதான் டைம்."

"உள்ள ஆள் இருக்கு சார்," என்றாள் சுயம்புக்கனி.

"இப்பவா?"

"அறுபத்து ஏழு நாளா."

இளம்பரிதி அதையும் எழுதிக்கொண்டார்.

கயிறு கட்டி இழுத்துவிடலாம் என்பது துரைப்பழத்தின் யோசனை. பஞ்சாயத்துக் கிணற்றுக் கயிறு, கை விரித்த அளவில் பன்னிரண்டு பாகம் நீளம், புதுசு. மறுநாள் காலை சுயம்புக்கனி அதைத் தோளில் சுற்றிக்கொண்டு உள்ளே போய், ஆதிலிங்கத்தின் இடுப்பில் இரண்டு முடிச்சுப் போட்டாள். தையல்காரருக்கு அளவு கொடுக்கிறவர் மாதிரி அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவள் தொட்டிக்கடியில் வெளியே வந்தாள். கயிறு கையில் இருந்தது. விறைப்பாக இருந்தது. அந்தப் பக்கம் ஒரு ஆள் கட்டியிருப்பது தெரிந்தது.

ஊர் திரண்டு வந்து பிடித்து இழுத்தது. பன்னிரண்டு பாகமும் வந்து, அதற்கு மேலும் வந்தது. பாதை போட்ட இருபத்தெட்டுப் பெண்களும் இழுத்தார்கள், பனையேறிகள் இழுத்தார்கள், பள்ளிக்கூடம் விட்டதும் எஸ்தர் டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து இழுத்தார், வெளியூர்க்காரர்கள் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி ஆளுக்கு ஒரு பத்து இழுப்பு இழுத்துவிட்டு ஏறிப் போனார்கள். காலையில் தொடங்கி வெளிச்சம் போகும்வரை இழுத்து, தொட்டிக் காலில் கட்டிப்போட்டுவிட்டு, மறுநாள் காலையில் அவிழ்த்து மறுபடி இழுத்தார்கள். இழுத்த கயிறு தொட்டிக்குப் பக்கத்தில் குவியலாகி, குவியல் மேடாகி, மேட்டில் ஆடுகள் ஏறி நின்றன. ஈஸ்வரி டீக்கடையை அதன் நிழலுக்கு மாற்றிக்கொண்டாள். கயிறு வந்துகொண்டே இருந்தது.

மூன்றாவது நாள் உச்சி வெயிலில், சுயம்புக்கனி முன்னால் பிடித்திருந்தபோது, கயிறு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தடவை மெல்ல இழுபட்டது.

"வந்துட்டாரு! பக்கத்துலதான் இருக்காரு! இழுங்க!" என்றார் துரைப்பழம்.

"இல்ல, போதும்னு சொல்லுதாவ," என்றாள் ஈஸ்வரி.

"மூச்சு வாங்குதோ என்னமோ," என்றார் எஸ்தர் டீச்சர்.

எல்லாரும் சுயம்புக்கனியைப் பார்த்தார்கள். இருபத்து நாலு வருஷம் அவர் சொல்ல வந்ததையெல்லாம் சொல்லி முடித்தவள் அவள்தான். அவள் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். சீக்கிரம் என்கிறாரா, நிறுத்து என்கிறாரா, சும்மா நான் இருக்கிறேன் என்கிறாரா, ஒன்றும் பிடிபடவில்லை.

"எனக்குத் தெரியல அண்ணாச்சி," என்றாள். அப்படி ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து ஊர் கேட்டதில்லை. "இழுக்காதீங்க. மூணு நாளா அவுக ஓடிக்கிட்டு இருக்காவளோ என்னமோ. விட்டுருங்க. நான் போய்க் கேட்டுட்டு வாரேன்."

பள்ளிக்கூடத்துப் பக்கம் போய் நுழையவில்லை. தொட்டிக்கடியிலேயே, முடிகிற இடத்திலேயே, கயிற்றை இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள். பதினாறாவது பலகை வந்தது, பூவரசு. பதினைந்து வரவில்லை. காலடியில் பாதை இருக்கிறதா என்று பார்க்காமல் கயிற்றையே பிடித்துக்கொண்டு நடந்தாள். பதினோராவது நிமிடம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது தொட்டி இல்லை. அவள் வெட்டாத முள், அவள் கூட்டாத மணல், அவள் பார்த்தே இராத ஒரு மரம், அதன் கீழே அவர் கையெழுத்தில் ஒரு மரப்பட்டைத் துண்டு: பெயர் தெரியாது. அடுத்ததில்: இதுவும் தெரியாது. அடுத்ததில்: ஈஸ்வரி கேட்டுச் சொல்வதாகச் சொன்ன மரம். அதற்கடுத்ததில் ஒன்றும் எழுதாமல் பிரஷ்ஷை வைத்து எடுத்த ஒரு புள்ளி மட்டும் இருந்தது.

எத்தனை வெயில் ஏறி இறங்கியது என்று முதலில் எண்ணினாள். மயில்கள் அகவும் திசையை அடையாளம் வைத்துக்கொண்டாள். முந்திரிப் பழம் தின்றாள். உள்ளே போகிறவர்கள் ஒருவரும் அவள் கண்ணில் படவில்லை, ஒருவேளை அவர்கள் மிக வேகமாகக் கடந்து போயிருக்கலாம். கயிறு மட்டும் முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

ஆதிலிங்கம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கயிறு இழுத்த இழுப்பில் இரண்டு முழங்காலும் தேய்ந்திருந்தது. பெயிண்ட் டப்பாவை மட்டும் கவிழாமல் மடியில் வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தார், அவளுடைய கைக்கடிகாரத்தை. "நேரம் ஆச்சே, கனி. நீ இன்னும் போகலையா?"

"ரெண்டு தடவ இழுத்தியளே, என்ன சொன்னிய?"

"அது வந்து..." என்றார்.

சுயம்புக்கனி முடிச்சை அவிழ்த்துக்கொண்டே நின்றாள். முடிச்சு அவிழ்ந்தது. அவர் இன்னும் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். ஒரு ஓணான் மரத்தில் ஏறி, இறங்கி, வேறு மரத்துக்குப் போனது.

"...ஒண்ணும் புரியல," என்று முடித்தார். "நான் நின்னா நீளுதா, நடந்தா நீளுதா, உன்கிட்ட வாரேனா, உன்னை விட்டுப் போறேனா, ஒண்ணும் புரியல. அதான் இழுத்தேன். உனக்காவது தெரியுமான்னு கேக்க."

"எனக்கும் தெரியல," என்றாள்.

அவர் ஆச்சரியமாக அவளைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது, பிறகு இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் அழுகை வந்தது, பிறகு எழுந்து நடந்தார்கள்.

அவர்கள் தொட்டிக்கடியில் வெளியே வந்தபோது வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. அவள் உள்ளே போனது செவ்வாய்க்கிழமை மத்தியானம். கயிற்று மேட்டில் ஆடுகள் நின்றுகொண்டிருந்தன, வேலிக்கம்பங்கள் லாரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன, இளம்பரிதி கோப்பைப் பிடித்தபடி நின்றிருந்தார். ஊர் ஓடிவந்து ஆதிலிங்கத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. ஈஸ்வரி டீயைக் கொண்டுவந்து கையில் திணித்தாள்.

"அம்மா, நீங்கதான் பொறுப்பாளர்," என்றார் இளம்பரிதி. "கடைசியா நீங்க நடந்திருக்கீங்க. ஒரு நம்பர் சொல்லுங்க. அதையே எழுதிக்கிறேன்."

"இருபது நாள்," என்றாள் சுயம்புக்கனி. "இவுகளைப் பாத்த இடத்துல இருந்து இங்க வந்து சேர முழுசா இருபது நாள். எண்ணிக்கிட்டே வந்தேன்."

"இருபது நாளா?" என்றார் ஆதிலிங்கம். "பத்து நிமிஷம் இருக்கும், கனி. இந்தா இப்பத்தான எந்திரிச்சோம்."

"பத்து நிமிஷமா? நடுவுல ரெண்டு மழை பெஞ்சுச்சே!"

"மழையா?"

இளம்பரிதி இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார், பிறகு கோப்பைத் திறந்து, நீளம் என்ற கட்டத்தில் 'நடப்பவரைப் பொறுத்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலே அதைப் படித்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. கேள்வியும் வரவில்லை, பதிலும் வரவில்லை. இறக்கிய கம்பங்களை ஊர் ஆட்டுப்பட்டிக்கு எடுத்துக்கொண்டது.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். சாப்பிடும்போதும் போட்டார்கள். அவள் இருபது நாளையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள், இன்ன நாள் இன்ன மரம், இன்ன நாள் செருப்பு அறுந்தது, இன்ன நாள் நீங்கள் உங்கள் அம்மையைப் பற்றிச் சொன்னீர்கள் என்று; தான் பேசியது எல்லாம் அவருக்கு நினைவிருந்தது, ஆனால் அதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்குள்தான் நடந்தது என்று அவர் அடித்துச் சொன்னார். இரண்டு பேரில் ஒருவர் சொல்வதுதானே சரியாக இருக்க முடியும் என்று அவள் கேட்டாள். ஆதிலிங்கம் அதற்கு ரொம்ப நேரம் யோசித்தார், அவள் குறுக்கே பேசாமல் இருந்தாள்.

"அப்ப இன்னொரு தடவ ரெண்டு பேருமா நடந்து பாத்துருவோம்," என்றார் அவர் கடைசியில்.

மறுநாள் காலையில் அவர் புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். சுயம்புக்கனி தூக்குவாளியை எடுத்து வைத்துவிட்டு, அரிசிப் பானைக்கு முன்னால் உழக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு வேளைக்குப் போடுவதா, இருபது நாளைக்குப் போடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.